எத்தனையாவது ஜனாதிபதி?

மழையில் காதல் வரும் என்று சொல்கிறவர்கள் யாரும் தள்ளாடி என்ற ஊர்ச் சந்தியில் பழுதாகிப்போன பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று நனைந்திருக்க மாட்டார்கள். வேணுஜாவுக்கு அன்று மழையில் வந்தது தும்மல் மட்டும்தான். கோபம் ஏற்கெனவே ஆறு நாளாக இருந்தது. அதை ஒரு பொலித்தீன் பையில் மடித்து, நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பையில் இருந்தது ஒரு போட்டோப் பிரதி. ஒரே ஒரு பக்கம்.

பின்னால் வந்த பஸ்ஸில் மற்றவர்கள் எப்படியோ தொங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவளால் தொங்க முடியவில்லை. ஒரு கையில் குடை, மறு கையில் பை... மூன்றாவது கை கடவுள் தரவில்லை.

அப்போதுதான் அந்த ஓட்டோ வந்து நின்றது.

"மன்னாருக்கோ? ஏறுங்கோ. நனைஞ்சு போனியள்."

ஏறினாள். இருக்கையில் பாதியை யூரியாச் சாக்கில் சுற்றிய இரண்டு பெரிய சாமான்கள் பிடித்திருந்தன. மீதிப் பாதியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். முன்னால் இருந்த சிறிய கண்ணாடியில் ஓட்டுபவனின் கண்கள் மட்டும் தெரிந்தன. நித்திரை போதாத கண்கள். ஆனால் சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... அவள் பார்வையைச் சட்டென்று கடல் பக்கம் திருப்பினாள். மன்னாருக்குப் போகும் பாலத்தின் இரு பக்கமும் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"எங்க இறங்கப் போறியள்?"

மெல்லிய, சற்றே கரகரத்த குரல். சளித் தடிமன் பிடித்திருக்க வேண்டும்.

"சுருதி சவுண்ட்ஸ் எண்டு ஒரு கடை இருக்காம். தெரியுமோ?"

ஓட்டோ ஒரு தடவை குலுங்கியது. குழி என்று நினைத்தாள். அந்தப் பாலத்தில் அன்றைக்குக் குழி ஒன்றும் இருக்கவில்லை.

"தெரியும்... கலியாண வீட்டுக்கு மைக் பிடிக்கவோ?"

"சண்டை பிடிக்க."

கண்ணாடியில் கண்கள் விரிந்தன. "ஆரோட?"

"அந்த மைக்காரனோட."

பிறகு அவள் நிறுத்தவில்லை. ஆறு நாள் அடைத்து வைத்திருந்தது. முன்பின் தெரியாதவரிடம் கொட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. நாளைக்கு அவர் முகத்தில் முழிக்கத் தேவையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானாட்டானில், கோயில் மண்டபத்தில், ஊர்ச் சங்கங்களுக்கான பொது அறிவுப் போட்டி நடந்தது. மாதர் சங்க அணிக்கு வேணுஜா தலைவி. அன்றும் மழை. மைக் செற்காரன்தான் கேள்வி கேட்பவனும் நடுவரும். கருவிகள் நனைந்துவிடும் என்று மண்டபத்துக்கு வெளியே தன் வான் வண்டிக்குள் இருந்தபடியே கேள்விகளை வாசித்தான். உள்ளே அவனுடைய குரல் மட்டும் வந்தது. அதே குரல் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக மூன்று ஊருக்கும் போனது. கைப்பேசிகளை எல்லாம் போட்டி முடியும்வரை ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார்கள்.

கடைசிக் கேள்வி. இரண்டு அணிகளும் சமம்.

"இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பிக்கப்பட்டபோது பதவியில் இருந்தவர், நாட்டின் எத்தனையாவது ஜனாதிபதி?"

பக்கத்தில் இருந்த பூமணியக்கா அவள் தொடையில் கிள்ளினாள். "முதலாவது எண்டு சொல்லடி. ஜே. ஆர். தானே." வேணுஜா கேட்கவில்லை. எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, "இரண்டாவது" என்றாள்.

"பிழை," என்றது குரல். "சரியான விடை, முதலாவது."

"இல்லை! முதலாவது வில்லியம் கோபல்லாவ. எழுபத்திரண்டில குடியரசான உடனை அவர்தான் ஜனாதிபதி. ஜே. ஆர். எழுபத்தெட்டில வந்தவர். ரீவி தொடங்கினது எழுபத்தொன்பதில!"

"நடுவரின் தீர்ப்பே இறுதியானது."

அவ்வளவுதான். கேடயம் மற்ற அணிக்குப் போனது. வாளியிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்க்கப் பத்து வினாடி போதுமாக இருந்தது. அவள் சொன்னதுதான் சரி. ஆனால் கைப்பேசி சொல்வது கையளவுக்குத்தான் கேட்கும். "பிழை" என்ற சொல் மூன்று ஊருக்கும் கேட்டுவிட்டதே...

"அதுக்குப் பிறகு என்ர பேர் என்ன தெரியுமோ? ரெண்டாவது!" என்றாள் வேணுஜா. "நான் நானாட்டான்ல லான்ட்மாஸ்டர் உழவு மெசின் சாமான் கடையில நிக்கிறன். எந்தச் சாமான் எண்டாலும் பேப்பர் பாக்காமல் எடுத்துக் குடுப்பன். அஞ்சு வருசத்தில ஒருதரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை. இப்ப விதைப்புக் காலம், கடை நிறையச் சனம். 'பிள்ளை, இது சரியான சாமானோ, இல்லை ரெண்டாவதோ' எண்டு கேட்டுச் சிரிக்கினம். பகிடிக்குக் கேட்டிட்டு, பேந்து உண்மையாவே அளந்து பாக்கினம்!"

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் சற்றே உடைந்தது. தும்மி மறைத்தாள்.

ஓட்டுபவன் முன்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். பிறகு, "அந்த மைக்காரனைக் கண்டிருக்கிறியளோ?" என்றான்.

"முகம் தெரியாது. குரல் மட்டும்தான்."

"அதுவும் கூடாத குரலோ?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லப் பழக்கமில்லை. அதுதான் அவளுடைய எல்லாப் பிரச்சினைக்கும் காரணம். "குரலில குறை சொல்லேலாது. நல்ல குரல்தான். அதுதான் இன்னும் எரிச்சல். அந்தக் குரலில பொய்யைச் சொன்னாலும் சனம் ஓம் எண்டு தலையாட்டும்."

கண்ணாடியில் கண்கள் சிரித்தன. ஏன் சிரிக்கிறான் இவன்?... சிரிக்கும்போது வடிவாகத்தான் இருக்கிறது. அவள் மறுபடியும் கடலைப் பார்த்தாள். இந்தத் தடவை கடலில் ஒன்றும் தெரியவில்லை.

பாலம் முடியும் இடத்தில் அவனுடைய கைப்பேசி அடித்தது. கேட்டான். கண்களில் இருந்த சிரிப்பு போனது. "ஓம் தலைவர். இப்பவே சொல்லுறன்." வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். முதல் தடவையாக முழு முகமும் தெரிந்தது. மழைத்துளிகள் தாடியில் நின்றன.

"தங்கச்சி... இல்லை, அக்கா... சீ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பனங்கட்டுக்கொட்டுக் கரைக்கு ஒருக்காப் போகவேணும். மீனவர் சங்கத் தலைவர் எடுத்தவர், கடல் கடுமையாகப்போகுதாம். ஆக்கள் தோணி தள்ள முதல் சொல்லவேணும். பத்து நிமிசம்."

"சொல்லுறதெண்டால்? வீடு வீடாய்ப் போயோ?"

அவன் ஓட்டோவைக் கரைப் பக்கம் திருப்பினான். கரையோரத்தில் ஓட்டோவை நிறுத்தி, இறங்கி, அவள் பக்கத்துச் சாக்குகளில் ஒன்றைப் பிரித்தான். உள்ளேயிருந்து அகன்ற வாயோடு ஒரு ஒலிபெருக்கி வெளிப்பட்டது. அதைத் தூக்கிக் கூரையில் பூட்டினான். மைக்கை வாயருகே கொண்டுபோய்த் தொண்டையைச் செருமினான்.

"அன்பார்ந்த கடற்றொழிலாளர்களுக்கு ஓர் அவசர அறிவித்தல்..."

வேணுஜாவின் கை பொலித்தீன் பையை நசுக்கியது.

கரகரப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அதே குரல். ஞாயிற்றுக்கிழமை மழைக்குள்ளிருந்து வந்து அவளைப் பிழை என்று சொன்ன அதே குரல். கரையில் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குரல் கேட்டதும் கையை எடுத்தார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. வலைகளைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

அவன் மைக்கை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் இறங்கி மழையில் நின்றாள்.

"நீங்கள்தானோ?"

"ஓம்," என்றான். "யசோதரன்."

"எப்ப தெரியும், நான்தான் எண்டு?"

"கடையின்ர பேரைச் சொன்ன உடனையே. 'இல்லை!' எண்டு கத்தின குரலை மறக்கேலுமோ? ஞாயிற்றுக்கிழமை முழு வானும் அதிர்ந்தது."

"எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தனீங்கள்!"

"குரல் நல்லம் எண்டு சொன்ன உடனை... இறக்கிவிட மனம் வரேல்லை."

அவளுக்குக் காது சூடாகியது. கோபத்தால்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஜனாதிபதிகளின் பட்டியல் இருந்த அந்தப் போட்டோப் பிரதியை அவனுடைய இருக்கையில் எறிந்தாள். "வாசியுங்கோ. அதே மூண்டு ஊர். அதே மைக். 'நான் பிழை விட்டிட்டன்' எண்டு சொல்லவேணும். எட்டு நாள் தாறன்."

"சொல்லாட்டில்?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். நூறு மீற்றர் போன பிறகுதான், திரும்பி நானாட்டான் பஸ் எடுக்க மறுபக்கம் நடக்கவேண்டும் என்று தெரிந்தது. திரும்பி அவனைக் கடந்து போவதா? செத்தாலும் மாட்டாள்... ஊரைச் சுற்றி நனைந்து போனாள்.

புதன்கிழமை அவன் கடைக்கு வந்தான்.

கடை நிறையச் சேற்றுக் காலோடு கமக்காரர்கள். அவன் எல்லோருக்கும் பின்னால் பொறுமையாக நின்றான். முறை வந்ததும் ஒரு கலியாண அழைப்பிதழை எடுத்து மேசையில் வைத்தான்.

வேணுஜாவின் மனம் ஒரு கணம் நின்றது. மடத்தனம். அவன் யாரைக் கட்டினால் அவளுக்கு என்ன?

"திருப்பிப் பாருங்கோ," என்றான்.

திருப்பினாள். பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய கேள்வி. அதே கேள்வி. கீழே, விளிம்புவரை நெருக்கி எழுதிய விடை: 'ஜே. ஆர். முதலாவது'. அதற்குமேல் எழுத்துக்கு இடமில்லை.

"மைக் பிடிக்க வாற எல்லாரும் ஒரு கலியாணக் காட் தருவினம். கட்டுக்கட்டாய்க் கிடக்கு. எறிய மனமில்லை. அதைப் பாதியாய் வெட்டிப் பின்பக்கத்தில கேள்வி எழுதுவன். புத்தகத்தில 'நிறைவேற்று அதிகாரமுடைய முதலாவது ஜனாதிபதி' எண்டுதான் கிடந்தது. அவ்வளவும் எழுத இடம் காணேல்லை. சுருக்கிப்போட்டன். ஒரு மாதம் கழிச்சு வாசிக்கேக்க சுருக்கினதை மறந்திட்டன்." அவன் தலையைக் குனிந்தான். "நீங்கள் சொன்னதுதான் சரி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எவ்வளவு அழகாகச் சொல்கிறான்... அவளுக்கு அங்கேயே உருகிவிடத் தோன்றியது. ஆனால் பின்னால் நின்றவருக்குக்கூட அது கேட்கவில்லை.

"காதுக்குள்ள சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை," என்றாள்.

"மைக்கில சொல்ல ஏலாது."

"ஏன்? மரியாதை போயிடுமோ?"

"என்ர மரியாதை போனால் போகட்டும்." அவன் நிமிர்ந்தான். கண்களில் சிரிப்பு இல்லை. "அண்டைக்குக் கரையில பாத்தனீங்கள்தானே. போகாதையுங்கோ எண்டு நான் சொன்னால் ஒருதரும் போறேல்லை. அப்பா தொடங்கின தொழில் இது. 'மைக்கில சொன்னதைத் திருப்பி எடுக்கேலாது' எண்டு அவர் சொல்லுவார். நாளைக்கு ஒருத்தன், 'இவன் போன கிழமையும் பிழை விட்டவன்தானே' எண்டு தோணியைத் தள்ளினால்? அதுக்கு ஆர் பொறுப்பு?"

வேணுஜா அழைப்பிதழை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். கோபப்படுவதற்கு வசதியாக அவன் ஒரு மடையனாக இருந்திருக்கலாம். மடையனாகவும் இல்லை.

"அதுசரி... சாமான் ஏதும் வேணுமோ?" என்றாள் வறண்ட குரலில்.

"ஜெனரேற்றருக்கு ஒரு பெல்ட். நாப்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை தலைமன்னாரில கலியாண வீடு."

சுவரில் நம்பர்வாரியாக அடித்திருந்த ஆணிகளில் ஒன்றிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கும்போது விரல் நுனி பட்டது. மழைக் குளிரில் அவனுடைய விரல்கள் சுட்டன.

"அளந்து பாக்கட்டோ?" என்றான். சிரிப்பு திரும்பியிருந்தது.

"நான் பிழையாய்க் குடுக்கிறதில்லை!"

வியாழன் காலை சாமான் எண்ணியபோது நாற்பத்திரண்டாம் நம்பர் ஆணியில் ஒன்றும் குறையவில்லை. நாற்பத்துமூன்றில் ஒன்று குறைந்திருந்தது.

வேணுஜா ஆணிகளை மூன்று தடவை பார்த்தாள். கை பெல்ட்டை எடுத்தபோது கண் எங்கே இருந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"போன் பண்ணிச் சொல்லு பிள்ளை," என்றார் முதலாளி. "கொம்பனி நம்பரை மாத்தி அடிச்சுப்போட்டான் எண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப்போகுது?"

அது நல்ல யோசனைதான். அவள் பஸ் எடுத்தாள்.

மன்னார்ப் பட்டினத்தில் சுருதி சவுண்ட்ஸ் வாசலில் சரியான கூட்டம். தலைமன்னார் மாப்பிள்ளை வீட்டார் மின்விளக்குத் தோரணங்களை எண்ணிக்கொண்டு நின்றார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஹில்மி நானா பிளேன்ரீயோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் யசோதரன், கையில் கிறீஸ், முன்னால் கழன்று விழுந்த பெல்ட்டோடு ஜெனரேற்றர்.

அவளைக் கண்டதும் எழுந்தான். கழன்ற பெல்ட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் குடுத்த பெல்ட் பிழை. ஆணி மாறி எடுத்திட்டன். கொம்பனியில பிழை இல்லை, என்னில பிழை. இது சரியானது. அளந்து பாத்து எடுங்கோ."

"அட!" என்றார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர். "இது எங்கட நானாட்டான் ரெண்டாவது எல்லோ!"

சிரித்தார்கள். வேணுஜா அசையாமல் நின்றாள். முகம் எரிந்தது. ஆனாலும் நின்றாள்.

சிரிப்பு முடிந்ததும் ஹில்மி நானா கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "தங்கச்சி, உங்கட கடை நானாட்டான்ல எந்த இடம்? மகள்ர மா அரைக்கிற மெசினுக்கு ஒரு பெல்ட் வேணும். இஞ்ச வாங்கி ரெண்டு தரம் அறுந்துபோச்சு. ஒருத்தனும் தன்னில பிழை எண்டு சொல்லுறானில்லை."

வேணுஜா இடத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு யசோதரனைப் பார்த்தாள்.

"கேட்டியளோ?" என்றாள். அவ்வளவுதான்.

அவன் கையில் இருந்த கிறீஸ் சொட்டுச் சொட்டாகச் சப்பாத்தில் விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எட்டாம் நாள்.

நானாட்டான் பக்கத்தில் ஒலிபெருக்கி ஓட்டோ ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சனங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வேலியோரம் வந்தார்கள். பூமணியக்கா கையில் அகப்பையோடு ஓடிவந்தாள்.

"ஆரடி செத்தது?"

"தெரியேல்லை அக்கா," என்றாள் வேணுஜா. அவளுடைய நெஞ்சு மட்டும் ஏதோ தெரிந்ததுபோல அடித்துக்கொண்டது.

"அறிவித்தல்... அறிவித்தல்..." குரல் வயல்களுக்கு மேலால் வந்தது. கொக்குகள் எழும்பின. "இரு வாரங்களுக்கு முன்னர் நானாட்டானில் நடைபெற்ற பொது அறிவுப் போட்டியின் கடைசிக் கேள்விக்கு, மாதர் சங்க அணித் தலைவி செல்வி வேணுஜா சிவசுப்பிரமணியம் அவர்கள் அளித்த விடையே சரியானதாகும். நாட்டின் முதலாவது ஜனாதிபதி வில்லியம் கோபல்லாவ. தொலைக்காட்சி ஆரம்பித்தபோது இருந்தவர் இரண்டாவது ஜனாதிபதி. பிழை, கேள்வியை எழுதி, வாசித்து, தீர்ப்பும் சொன்ன யசோதரனுடையது. நான் பிழை விட்டால் இதே மைக்கில் சொல்லுவேன். சொல்லாதவரைக்கும் நம்புங்கள். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

வழக்கப்படி மூன்று தடவை வாசித்தான்.

பூமணியக்கா அகப்பையால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டாள். "ஐயோ, உன்னைக் கிள்ளினனே நான்!" பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள். "எங்கட பிள்ளை சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்! நான் அண்டைக்கே சொன்னனான்!"

வேணுஜா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது...

ஓட்டோ அவளுடைய வீட்டுப் படலை வாசலில் வந்து நின்றது. யசோதரன் மைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான். வெயில் அடித்தது. மழை ஓய்ந்த வெயில். இலை எல்லாம் பளபளத்தது. அவன் வெட்டிய அழைப்பிதழ் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"ஒரு கேள்வி மிச்சம் இருக்கு," என்றான். மைக் இல்லாத குரல். மெல்லிய, கரகரத்த குரல். அட்டையைப் பார்த்து வாசிப்பதுபோல வாசித்தான். அட்டை தலைகீழாக இருந்தது. "உங்களுக்குப் பிடிச்ச குரல்களில, அறிவித்தல் சொல்லுற யசோதரன்ர குரல் எத்தனையாவது?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். நித்திரை போதாத கண்கள். இந்தக் கிழமை இன்னும் போதவில்லைபோல.

"ரெண்டாவது."

அவன் முகம் விழுந்தது. "அப்ப... முதலாவது ஆர்?"

"ஒரு ஓட்டோக்காரன்," என்றாள். "பாலத்தில, மழைக்குள்ள, தடிமன் பிடிச்ச குரலில கதைச்சுக்கொண்டு வந்தவன். மைக் இல்லாமல்."

அவனுக்கு விளங்க ஒரு வினாடி எடுத்தது. விளங்கியதும் அட்டை கையிலிருந்து விழுந்தது.

"வேணுஜா... எனக்கு உங்களை... அண்டைக்கு வானுக்குள்ள இருந்து கேக்கேக்கையே... முகம் தெரிய முதலே..."

"என்னடி சொல்லுறார்?" வேலிக்கு அப்பாலிருந்து பூமணியக்கா. "ஒண்டும் கேக்கேல்லை! மைக்கைப் போடச் சொல்லடி!"

ஒழுங்கை முழுவதும் சனம் நின்றது. யசோதரன் வெட்கத்தில் காதுவரை சிவந்து அவளைப் பார்த்தான்.

"போடட்டோ?"

வேணுஜா குனிந்து அட்டையை எடுத்தாள். முன்பக்கம் யாரோ இருவருடைய கலியாணம். பின்பக்கம் ஒன்றும் எழுதாத வெறும் வெள்ளை. அதைத் தன் கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"போடுங்கோ," என்றாள். "ஆனால் ஒண்டு. மைக்கில சொன்னதைத் திருப்பி எடுக்கேலாது."

அவன் மைக்கின் ஆளியைத் தட்டினான். ஒலிபெருக்கி ஒரு தடவை இருமியது. கொக்குகள் மறுபடியும் எழும்பின.

"அறிவித்தல்..." என்றது அந்தக் குரல், மூன்று ஊருக்கும் கேட்க.